நினைவில்லாத உதவியாளருக்கு எழுதப்படும் விதிகள்

கொல்கத்தாவுக்கு மேற்கே, ஹூக்ளி ஆற்றின் மறுகரையில், ஹவுரா மாவட்டத்தில் அமைந்துள்ள சாந்த்ராகாச்சி சந்திப்பு, தென்கிழக்கு ரயில்வேயின் கரக்பூர் கோட்டத்தைச் சேர்ந்தது. ஹவுராவிலிருந்து கரக்பூர் செல்லும் முதன்மைத் தடத்தோடு ஷாலிமாருக்கும் ஆம்தாவுக்கும் பிரியும் தடங்கள் இங்கே வந்து சேர்வதாலும், சென்னை உள்ளிட்ட தொலைதூர நகரங்களுக்கான ரயில்கள் சில இங்கிருந்தே புறப்படுவதாலும், இந்நிலையத்தின் தண்டவாளங்கள் ஓய்ந்து கிடக்கும் நேரம் மிகக் குறைவு. பணிமுறை மாறும் வேளையில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் எழுந்து செல்ல, அதுவரை அங்கே நடந்தவற்றை நேரில் காணாத மற்றொருவர் அதே இருக்கையில் அமர்கிறார். அவர் கரக்பூரிலிருந்து முந்தைய வாரம்தான் மாற்றலாகி வந்தவராகவும் இருக்கலாம். ஆயினும் சிக்னல்களும், ரயிலை ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் பாயின்ட்டுகளும் முன்போலவே இயங்குகின்றன. தனிமனிதரின் அனுபவத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்றாலும், ஆள் மாறினாலும் வேலை மாறாதிருப்பதை உறுதிசெய்வது எழுதி வைக்கப்பட்ட விதிகளே.

இந்திய ரயில்வேயில் இவ்விதிகள் மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளன. நாடு முழுவதற்கும் பொதுவானவை 1976ஆம் ஆண்டின் பொது விதிகள். சிக்னலின் நிறம் எதைக் குறிக்கும், எந்த நிலையில் ரயில் நிற்க வேண்டும் என்பன போன்ற, எங்கும் மாறக் கூடாத அடிப்படைகள் அவற்றில் உள்ளன. அவற்றின் கீழ், ஒவ்வொரு மண்டல ரயில்வேயும் தன் தடங்களின் தன்மைக்கு ஏற்ப வெளியிடும் துணை விதிகள் வருகின்றன. தென்கிழக்கு ரயில்வேக்கு இவற்றை வகுப்பது கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் உள்ள தலைமையகம். மூன்றாவதாக, ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியே எழுதப்படும் நிலையப் பணி விதிகள் உள்ளன; அந்த நிலையத்தில் எத்தனை தடங்கள், எந்தத் தடத்தில் எந்த ரயிலை வாங்கலாம், எந்த லெவல் கிராசிங்கை எந்தக் கட்டத்தில் மூட வேண்டும் என்ற உள்ளூர் விவரங்கள் அவற்றில் அடங்கும். கீழடுக்கு மேலடுக்கை விரித்துரைக்கலாமே தவிர மீற முடியாது என்பது இந்த அமைப்பின் உயிர்நாடி.

கணினி நிரல் எழுதுவதில் உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிய அத்தியாயம் ஒரு ரயில் நிலையத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இக்கருவிகளைப் பயன்படுத்துவோர் 2025ஆம் ஆண்டில் தங்களுக்குப் புதிதெனக் கண்டுகொண்ட பல சிக்கல்களை, அதாவது விதிகளை எப்படி அடுக்குவது, எதை எல்லோருக்கும் சொல்வது, எதைத் தேவைப்படும்போது மட்டும் காட்டுவது, பழைய விதியை எப்படி நீக்குவது என்பனவற்றை, ரயில்வே நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. ரயில்வே கண்ட விடைகளில் சில அப்படியே பொருந்துகின்றன. சில பொருந்துவதில்லை, பொருந்தாத இடங்களும் கற்பிக்கின்றன.

நிரலாக்க உதவியாளர் எனப்படுவது, பெரு மொழி மாதிரி ஒன்றின் துணையோடு நிரலைப் படிக்கவும் எழுதவும் திருத்தவும் சோதிக்கவும் வல்ல ஒரு மென்பொருள். பெரு மொழி மாதிரி என்பது ஏராளமான எழுத்துத் தரவில் பயிற்றப்பட்டு, தன் முன் வைக்கப்பட்ட உரைக்கு அடுத்து வரத்தக்க உரையை உருவாக்கும் கணித அமைப்பு. 2021 ஜூன் மாதம் முன்னோட்டமாக வெளிவந்த கிட்ஹப் கோபைலட், நிரலாளர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் வரியை நிறைவுசெய்யும் அளவில் நின்றது. 2025 பிப்ரவரியில் ஆந்த்ரோபிக் நிறுவனம் முன்னோட்டமாக வெளியிட்ட கிளாட் கோட், அதே ஆண்டு ஏப்ரலில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கோடெக்ஸ் கட்டளைவரிக் கருவி போன்றவை, ஒரு வேலையை முழுதாக ஏற்று, கோப்புகளைத் தாமே திறந்து, மாற்றி, சோதனைகளை இயக்கி, முடிவைத் தெரிவிக்கும் நிலைக்கு வந்தன. வேலை பெரிதாகும்போது அதற்கான அறிவுறுத்தலும் பெரிதாக வேண்டியிருந்தது. நாள்தோறும் அதே நீண்ட அறிவுறுத்தலைத் திரும்பத் தட்டச்சு செய்வதற்கு மாற்றாக, அதைக் கோப்பாக எழுதிவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் பிறந்தது.

இங்கே ஓர் அடிப்படை உண்மையை விளங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்த மாதிரியின் உள்ளமைப்பு, அதனோடு நடக்கும் உரையாடலால் மாறுவதில்லை. ஓர் அமர்வில் சொன்னது, எங்கேனும் எழுதப்பட்டு மறு அமர்வில் அதன் முன் வைக்கப்பட்டாலொழிய, அதற்குத் தெரியாது. மாதிரி ஒரே சமயத்தில் கருத்தில் கொள்ளக்கூடிய உரையின் அளவுக்குச் சூழல் சாளரம் என்று பெயர். அந்த அளவு டோக்கன் என்னும், சொல்லாகவோ சொல்லின் துணுக்காகவோ அமையும் அலகால் கணக்கிடப்படுகிறது. ஆகவே உதவியாளர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பணிக்கு வருபவர். பொதுவான நிரலாக்கத் திறமை நிறைய இருந்தும், இந்தத் திட்டத்தின் வழக்கங்கள் எதையும் அறியாதவர். சாந்த்ராகாச்சிக்கு மாற்றலாகி வரும் ஸ்டேஷன் மாஸ்டரின் நிலையும் ஓரளவு இதுவே என்றாலும், அவர் சில வாரங்களில் பழகிவிடுவார். உதவியாளருக்கு எந்நாளும் முதல் நாள்தான்.

திரும்பப் பயன்படும் அறிவுறுத்தல் என்ற கருத்து கணினியியலுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே 6 அன்று முதன்முதலாக நிரலை இயக்கிய எட்சாக் கணினிக்காக, டேவிட் வீலரும் அவருடைய சகாக்களும் துணைநிரல்களின் நூலகம் ஒன்றை உருவாக்கினர். வர்க்கமூலம் காண்பது போன்ற, பலருக்கும் வேண்டியிருந்த கணக்கீடுகள் துளையிட்ட காகித நாடாக்களில் பதிந்து பாதுகாக்கப்பட்டன. மாரிஸ் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகியோர் 1951இல் வெளியிட்ட நூல் இம்முறையை உலகறியச் செய்தது. ஆனால் துணைநிரலுக்கும் இன்றைய அறிவுறுத்தல் கோப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. துணைநிரலை இயந்திரம் அப்படியே நிறைவேற்றும். ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடையைத் தரும். அறிவுறுத்தல் கோப்பையோ மாதிரி படிக்கிறது, பொருள்கொள்கிறது, சூழலுக்குப் பொருத்தி நடக்கிறது. ஒரே கோப்பை இரு முறை படித்தபின் சற்றே வேறுபட்ட இரு வழிகளில் செல்லவும் கூடும். எனவே இத்தகைய கோப்பை எழுதுபவருடைய கலை, நிரல் எழுதுபவருடைய கலையைக் காட்டிலும் விதிநூல் எழுதுபவருடைய கலைக்கே நெருக்கமானது.

நடைமுறையில் இக்கோப்புகள் இரு வகைப்படும். முதல் வகை, அமர்வு தொடங்கியவுடன் எப்போதும் படிக்கப்படுவது. கிளாட் கோடில் இது கிளாட்.எம்.டி என்றும், பல நிறுவனங்களின் கருவிகளுக்குப் பொதுவாக ஏஜென்ட்ஸ்.எம்.டி என்றும் பெயர் பெற்றது. எம்.டி என்னும் பின்னொட்டு, எளிய குறியீடுகள் கொண்ட உரைக்கோப்பைக் குறிக்கும். 2025 டிசம்பரில் ஏஜென்ட்ஸ்.எம்.டி, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பின் பொறுப்பில் விடப்பட்டது. இரண்டாம் வகை, குறிப்பிட்ட ஒரு வேலை வரும்போது மட்டும் திறக்கப்படுவது. 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் அறிமுகப்படுத்தி, டிசம்பரில் திறந்த தரமாக அறிவித்த 'ஸ்கில்' இதன் தெளிவான வடிவம். ஒரு ஸ்கில் என்பது ஒரு கோப்புறை, அதனுள் ஸ்கில்.எம்.டி என்னும் கோப்பு கட்டாயம் இருக்கும். அதன் தலைப்பகுதியில் பெயரும், 1024 எழுத்துக்குறிகளுக்கு மிகாத ஒரு விவரிப்பும், அதன் கீழே வேலையின் நெறிமுறையும், வேண்டுமானால் பக்கத்தில் துணை ஆவணங்களும் சிறு நிரல்களும் இடம்பெறும்.

இவ்வமைப்பின் நுட்பம், எது எப்போது படிக்கப்படுகிறது என்பதில் உள்ளது. அமர்வின் தொடக்கத்தில் எல்லா ஸ்கில்களின் பெயரும் விவரிப்பும் மட்டும் மாதிரியின் பார்வைக்கு வருகின்றன. வந்த வேலை ஒரு விவரிப்போடு பொருந்தினால் அந்த ஸ்கில்லின் உடற்பகுதி திறக்கப்படுகிறது. அதிலும் சுட்டப்படும் துணை ஆவணங்கள், அந்தக் கட்டம் வந்தால்தான் படிக்கப்படுகின்றன. நிலையப் பணி விதிகளிலும் இதே சிக்கனம் உண்டு. விதிகளின் முழுப் படி நிலையத்தில் இருக்க, லெவல் கிராசிங்கில் அமர்ந்திருக்கும் கேட்மேனுக்கு அவர் வேலைக்குரிய பகுதி மட்டுமே எடுத்தெழுதித் தரப்படுகிறது. லெவல் கிராசிங்குகள், சிக்னல் அமைப்பு, மின்மயமான தடங்கள் ஆகியவற்றுக்கான விவரங்கள் தனித்தனிப் பின்னிணைப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கேட்மேன் முழு நூலையும் படிப்பதால் தீங்கில்லை என்று தோன்றலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும்போது அவருக்கு வேண்டிய ஒரு வரி நூறு பக்கங்களுக்குள் புதைந்திருக்கக் கூடாது. மாதிரிக்கும் இது பொருந்தும்: சூழல் சாளரம் எவ்வளவு பெரிதாயினும், வேலைக்குத் தொடர்பற்ற விதிகள் அதில் குவியக் குவிய, தொடர்புள்ள விதி கவனத்திலிருந்து நழுவும் வாய்ப்பு கூடுகிறது. எப்போதும் படிக்கப்படும் கோப்பில் எல்லாவற்றையும் கொட்டிவைப்பதே புதிதாகத் தொடங்குவோரிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை.

தமிழ் உரையைக் கையாளும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டால் இவை யாவும் தெளிவாகும். யூனிகோட் என்னும் உலகப் பொது எழுத்துக் குறியீட்டுத் தரத்தில், தமிழ் உயிர்மெய் எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனிக் குறியீட்டு எண்கள் பெற்றவை அல்ல. மெய்யெழுத்தின் அகர வடிவத்துக்கு ஓர் எண்ணும், அதனோடு சேரும் கால், கொம்பு, புள்ளி போன்றவற்றுக்கு வேறோர் எண்ணும் உள்ளன. சாந்த்ராகாச்சி என்ற சொல்லைத் தமிழ் படித்த ஒரு குழந்தை ஏழு எழுத்து என்று எண்ணும். பைத்தான் மொழியின் நீளம் காணும் கட்டளையோ பதினான்கு என்று விடை தரும். கட்டளை பொய் சொல்லவில்லை, குறியீட்டு எண்களை எண்ணுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணிக்கையை நம்பி, ஒரு படிவத்தில் பெயரைப் பத்து எழுத்தோடு நிறுத்தும் நிரல் எழுதப்பட்டால், ஐந்தெழுத்தில் சொல் அறுபடும். சில சொற்களில் புள்ளி தனியே பிரிந்து மெய்யெழுத்து அகரமேறிய எழுத்தாக மாறிவிடும்.

அகரவரிசையில் சிக்கல் இன்னும் ஆழமானது. தமிழ் நெடுங்கணக்கில் ரகரத்துக்கு வெகு பின்னால், மெய்களின் வரிசை முடியும் இடத்தில் இருக்கும் னகரத்துக்கு, யூனிகோட் நகரத்தை அடுத்த எண்ணைத் தந்துள்ளது. ழகரமும் ளகரமும் இடம் மாறி நிற்கின்றன. குறியீட்டு எண்களைக் கொண்டு வரிசைப்படுத்தினால் 'மரம்' என்ற சொல்லுக்கு முன்னால் 'மனம்' வந்து நிற்கும். 'வலை, வழி, வளம்' என்று வர வேண்டியது 'வலை, வளம், வழி' என்றாகும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி போன்ற அகராதிகள், புள்ளி பெற்ற மெய்யை உயிர்மெய்க்கு முன் வைப்பதால் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வரும். குறியீட்டு எண் வரிசையில் இதுவும் தலைகீழாகும். நிரலாக்க உதவியாளருக்கு இச்செய்திகள் தெரியாதவை அல்ல. கேட்டால் சரியாகவே விளக்கும். ஆனால் 'இந்தப் பட்டியலை வரிசைப்படுத்து' என்று மட்டும் சொன்னால், உலகில் பெரும்பாலான நிரல்கள் செய்வதையே அதுவும் செய்து, மொழியில் உள்ளமைந்த வரிசைக் கட்டளையை எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று தெரிவிக்க வாய்ப்பு மிகுதி. அறிந்திருப்பதும், வேண்டிய நேரத்தில் அந்த அறிவு முன்வருவதும் வேறு வேறு. திரும்பப் பயன்படும் அறிவுறுத்தலின் முதற்பணி, புதிதாகக் கற்பிப்பதைவிட, ஏற்கெனவே உள்ள அறிவை உரிய இடத்தில் எழுப்புவதே.

இதற்கான ஸ்கில்லின் விவரிப்பை 'தமிழ் தொடர்பான உதவி' என்று எழுதினால் அது பயன்படாது; தமிழில் ஒரு வரவேற்புச் செய்தி சேர்க்கும்போதும் அது தேவையின்றித் திறக்கும், 'பெயர்ப் பட்டியலைச் சரிசெய்' என்ற வேண்டுகோளின்போது திறக்காமலே போகும். 'தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும், எழுத்துகளை எண்ணும், அல்லது உரையைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டும் நிரலை எழுதவோ திருத்தவோ நேரும்போது இதைப் படிக்கவும். பயனாளர் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், நூல் தலைப்புகள் ஆகியவற்றின் பட்டியல்களும் இதில் அடங்கும்' என்று எழுதினால், எப்போது திறக்க வேண்டும் என்பது மாதிரிக்கு விளங்கும். விவரிப்பு என்பது ஸ்கில்லின் விளம்பரப் பலகை என்று கருதி அழகுபடுத்துவோர் உண்டு. உண்மையில் அது, எந்தச் சூழ்நிலையில் எந்த விதி செயலுக்கு வரும் என்று வரையறுக்கும் விதி. மொத்தக் கோப்பிலும் அதிக உழைப்பு இந்த இரண்டு மூன்று வரிகளுக்கே தரப்பட வேண்டும்.

உடற்பகுதியில், குறியீட்டு எண்களைக் கொண்டு எண்ணக் கூடாது என்பதும், எழுத்துகளைப் பிரிக்க ஓப்பன்-தமிழ் என்னும் திறந்த மூல நூலகத்தைப் பயன்படுத்தலாம் என்பதும், வரிசைப்படுத்தலுக்கு யூனிகோட் கூட்டமைப்பின் மொழித் தரவுத் தொகுப்பில் உள்ள தமிழ் வரிசை விதிகளையும் அவற்றைச் செயற்படுத்தும் ஐ.சி.யு நூலகத்தையும் நாட வேண்டும் என்பதும் இடம்பெறும். எண்ணுதல் போன்ற, ஐயத்துக்கு இடமில்லாத கணக்குகளை மாதிரியின் கணிப்புக்கு விடாமல், கோப்புறையில் ஒரு சிறு நிரலாகவே எழுதிவைத்து, அதை இயக்கி விடை பெறுமாறு பணிப்பது நல்லது. மாதிரியின் திறமை பொருளறிவதிலும் தேர்ந்தெடுப்பதிலும் இருக்கிறது. ஏழா பதினான்கா என்பது போன்ற கேள்விகளை வீலரின் காலத்திலிருந்து துணைநிரல்கள் பிழையின்றித் தீர்த்து வருகின்றன.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அறிவுறுத்தல், ஏன் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாவிட்டால் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, சாந்த்ராகாச்சி நிலையத்தை ஒட்டியுள்ள ஏரியே சான்று. சாந்த்ராகாச்சி ஜீல் எனப்படும், ரயில்வேக்குச் சொந்தமான அந்த நீர்நிலைக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன. அவற்றில் சீழ்க்கைச் சிறகி என்னும் வாத்தினமே மிகுதி. ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டால் பறவைகள் இறங்கத் திறந்த நீர்ப்பரப்பு இராது. ஆகவே பறவைகள் வருமுன் அதை அகற்ற வேண்டும். ஆனால் முழுவதையும் வாரி எடுத்துவிட்டால், பகலில் அவை தங்கி ஓய்வெடுக்க இடமின்றிப் போகும்; ஆகவே செடிகளின் ஒரு பகுதியைத் தீவுகள்போல் நீரின் நடுவே விட்டுவைக்கிறார்கள். 'ஆகாயத்தாமரையை அகற்று' என்ற ஒற்றை வரியோடு அனுப்பப்படும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, தன் கடமையைக் குறைவின்றிச் செய்தே ஏரியைப் பறவைகளுக்கு உதவாததாக்கிவிட முடியும். பறவைகள் தங்குவதற்காகவே இந்த வேலை என்ற ஒரு வாக்கியம் சேர்ந்தால், எதை விட்டுவைப்பது, எப்போது நிறுத்துவது, செடிக் கூட்டத்தில் கூடு தென்பட்டால் என்ன செய்வது என்பவற்றை அவரே தீர்மானிப்பார்.

மாதிரிக்கு எழுதும்போதும் நோக்கத்தைக் கூறும் வாக்கியம் பல விதிகளின் வேலையைச் செய்கிறது. 'பழைய செயற்கூறுகளை நீக்கு' என்பதைவிட, 'இனி எந்தக் கோப்பும் அழைக்காத செயற்கூறுகளை நீக்கு. படிப்பவருக்குக் குழப்பம் குறைய வேண்டும் என்பதே நோக்கம், எனவே வெளியார் பயன்படுத்தக்கூடிய எதையும் தொடாதே' என்பது மேலானது. எழுதியவர் எண்ணிப் பார்க்காத சூழல் எதிர்ப்படும்போது, முன்னதில் மாதிரிக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. பின்னதில் நோக்கம் வழிகாட்டுகிறது. பெரிய எழுத்தில் 'கட்டாயம்', 'ஒருபோதும் கூடாது' என்று அடுக்கிச் செல்லும் கோப்புகள் வலிமையானவை போலத் தோன்றினாலும், ஒவ்வொரு விதியும் உரக்கக் கத்தும் இடத்தில் எது முதன்மையானது என்பது விளங்காமல் போகிறது.

நோக்கத்தைக் கொண்டு தீர்மானிக்க விடக் கூடாத இடங்களும் உண்டு. அங்கே ரயில்வேயின் விடை அச்சிட்ட படிவம். ஸ்டேஷன் மாஸ்டரின் கட்டுப்பாட்டிலுள்ள பழுதான சிக்னலை, அது சிவப்பில் இருக்கும்போதே ஒரு ரயில் கடந்தாக வேண்டிய நிலை வந்தால், லோகோ பைலட் தன் விருப்பப்படி கடக்க முடியாது. டி/369(3பி) என்னும் எண் கொண்ட படிவத்தில், எந்த ரயில், எந்தச் சிக்னல் என்ற வெற்றிடங்களை நிரப்பி, கையொப்பமிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் தரும் எழுத்துவழி அனுமதி வேண்டும். படிவத்தின் வாசகம் மாறாதது. வெற்றிடங்களில் நிரப்புவது மட்டும் மாறும். உதவியாளர்களில் சாய்கோட்டுக்குப் பின் பெயரைத் தட்டச்சு செய்து அழைக்கப்படும் கட்டளைகள் இதே வடிவத்தவை: 'இந்த எண்ணுள்ள பிழையறிக்கையைச் சரிசெய்' என்ற அறிவுறுத்தலில் எண் மட்டும் வெற்றிடமாக விடப்பட்டு, அழைக்கும்போது நிரப்பப்படுகிறது. தரவுத்தளத்தை அழிப்பது, புதிய பதிப்பைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு அனுப்புவது போன்ற, திரும்பப் பெற முடியாத வேலைகளுக்கான ஸ்கில்களை, மாதிரி தானாகத் திறக்க முடியாமல், மனிதர் பெயர்சொல்லி அழைத்தால் மட்டுமே இயங்கும்படி அமைக்கும் வசதி சில கருவிகளில் உள்ளது. அதைப் பயன்படுத்தாதிருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. அறிமுகமில்லாதவர் எழுதிய ஸ்கில்லை இறக்கி நிறுவும்போதும் இதே விழிப்பு வேண்டும். அதனுள் உள்ள சிறு நிரல்கள் நிறுவியவரின் கணினியில் நிறுவியவரின் அதிகாரத்தோடு இயங்கும் என்பதால், படித்துப் பார்க்காமல் அதை ஏற்பது, நிரப்பாத படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு நிகர்.

எழுதிய விதி காலத்தால் பொய்யாகிப் போவதே எல்லாவற்றிலும் கொடியது. 2023 ஜூன் 2 அன்று, ஷாலிமாரிலிருந்து சாந்த்ராகாச்சி வழியாகச் சென்னை நோக்கிச் சென்ற கோரமண்டல் விரைவு ரயில், ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தில் முதன்மைத் தடத்துக்கான பச்சை சிக்னலைப் பெற்றும், பாயின்ட்டுகள் பக்கத் தடத்துக்கு அமைந்திருந்ததால் அதில் நுழைந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெங்களூருவிலிருந்து ஹவுரா சென்ற ரயிலும் சிக்கியது. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, முற்காலத்தில் சிக்னல் சுற்றுகளை மாற்றியபோது நேர்ந்த குறைகளையும், லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலையின்போது நேர்ந்த குறைகளையும் காரணமாகக் காட்டியது. கம்பிகளின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் அவற்றின் உண்மையான பயன்பாட்டோடு பொருந்தாமல் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாதிருந்தன. 2022 மே மாதம் அதே கரக்பூர் கோட்டத்தில் தவறான கம்பி இணைப்பால் நேர்ந்த ஒரு நிகழ்வுக்குப் பிறகு திருத்த நடவடிக்கை எடுத்திருந்தால் இவ்விபத்து நேர்ந்திராது என்றும் அந்த அறிக்கை கூறியது. பெயர்ச்சீட்டே இல்லாத கம்பியைத் தொடும் பணியாளர் ஐயத்தோடு சோதித்துப் பார்ப்பார். தவறான பெயர்ச்சீட்டு அவரிடமிருந்து அந்த ஐயத்தைப் பறித்துவிடுகிறது.

நிரல் திட்டங்களில் உயிர்ச்சேதம் நேர்வது அரிதாயினும், பிழை நேரும் விதம் இதுவே. ஒரு கோப்புறையின் பெயர் மாறியபின்பும் அறிவுறுத்தல் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். கைவிடப்பட்ட சோதனைக் கருவியை இயக்கச் சொல்லும். மாதிரி எழுதப்பட்டதை நம்பும் இயல்புடையது. நிரலிலிருந்து தானே சரியாகக் கண்டறியக்கூடிய இடத்திலும், காலாவதியான கோப்பு அதைத் திசைதிருப்பிவிடும். ஆகையால் அறிவுறுத்தல் கோப்பு நிரலோடு ஒரே பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் மாற்றியவர் பெயரோடும் நாளோடும் பதிந்துவைக்கும் அமைப்பில் இருக்க வேண்டும். நிரலை மாற்றுபவரே அதே மாற்றத்தில் கோப்பையும் திருத்த வேண்டும். நிலையப் பணி விதிகள் திருத்தப்படும்போது, பணியாளர் ஒவ்வொருவரும் புதிய விதியைப் படித்து விளங்கிக்கொண்டதாக உறுதிமொழிப் பதிவேட்டில் மீண்டும் கையொப்பமிட வேண்டும். மாதிரியிடம் கையொப்பம் வாங்குவதில் பயனில்லை. அது விளங்கிக்கொண்டதா என்பதை அதன் செயலைக் கொண்டே அறிய முடியும்.

அப்படி அறிவதற்கான முறை ஒன்று, சாந்த்ராகாச்சிக்கு அக்கரையில், பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் வரலாற்றில் கிடைக்கிறது. அதன் நிறுவனர் பிரசாந்த சந்திர மகாலானோபிஸ், 1937 முதல் வங்காளத்தில் சணல் சாகுபடியின் பரப்பை, தேர்ந்தெடுத்த சில நிலங்களை மட்டும் அளக்கும் மாதிரி ஆய்வுகளால் மதிப்பிட முனைந்தபோது, களப்பணியாளர்களுக்கு எவ்வளவு தெளிவாக அறிவுறுத்தல் எழுதினாலும் அதை ஒவ்வொருவரும் எப்படிப் புரிந்து நடந்தார்கள் என்பதை அளக்க வேண்டியிருந்தது. அவர் வகுத்த முறையில், ஒரே பகுதிக்குள் ஒன்றையொன்று ஊடுருவிய இரு தனித் துணைமாதிரிகள் எடுக்கப்பட்டு, ஒன்றை ஒரு குழுவும் மற்றதை வேறொரு குழுவும் தனித்தனியே அளந்தன. இரு மதிப்பீடுகளும் நெருங்கி இருந்தால் முறையை நம்பலாம். மாதிரி எடுப்பதில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்தைத் தாண்டி அவை விலகினால், தவறு நிலத்தில் இல்லை, அளந்தவிதத்தில் இருக்கிறது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்விலும் இம்முறை கையாளப்பட்டது. அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் களப்பணியாளர்களுக்கான விரிவான அறிவுறுத்தல் நூல்கள் எழுதப்பட்டு வருகின்றன.

இம்முறை நிரலாக்க உதவியாளருக்கு எளிதில் பொருந்தும், செலவும் மிகக் குறைவு. ஒரு ஸ்கில்லை எழுதி முடித்தபின், ஒன்றையொன்று அறியாத இரண்டு மூன்று புதிய அமர்வுகளில் அதே வேலையைக் கொடுத்து, முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஸ்கில் இல்லாமல் ஓர் அமர்வையும் நடத்தினால், கோப்பு உண்மையில் ஏதேனும் மாற்றியதா என்பதும் தெரியவரும். எழுதியவர் அமர்ந்திருக்கும் அதே உரையாடலில் சோதிப்பது மட்டும் கூடாது, ஏனெனில் கோப்பில் இல்லாமல் உரையாடலில் சொல்லப்பட்டவை அங்கே மாதிரிக்குத் தெரிந்திருக்கும். தமிழ் எழுத்துகளை எண்ணும் ஸ்கில்லை இவ்வாறு சோதித்தால், 'மரம்', 'மனம்' போன்ற சொற்களில் எல்லா அமர்வுகளும் ஒன்றுபடக்கூடும். 'அக்ஷயா' என்ற பெயரில் ஓர் அமர்வு க்ஷவை ஓரெழுத்தாகக் கொண்டு மூன்று என்றும், மற்றது க், ஷ என்று பிரித்து நான்கு என்றும் விடை தரலாம். இரு விடைக்கும் ஆதரவான மரபு உண்டு என்பதால் இங்கே குறை மாதிரியுடையது அன்று. திட்டத்தைப் பொறுப்பேற்றவர் எடுக்க வேண்டிய முடிவு எடுக்கப்படவில்லை என்பதையே அந்த விலகல் காட்டுகிறது. ஒன்றா இரண்டா என்பதை அவர் தீர்மானித்து, காரணத்தோடு ஸ்கில்.எம்.டி கோப்பில் ஒரு வரியாக எழுதி, ஸ்ரீ என்ற எழுத்துக்கும் அதே முடிவு பொருந்துமா என்பதையும் சேர்த்துச் சொல்லி, அதன்பின் இரு அமர்வுகளையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.